கல்முனைக் கரையும் கல்லோயா நீரும்

பிளவுபட்ட நாடு என்றதும் நடுவே முள்வேலியிட்ட நாடொன்றே பலர் மனத்தில் தோன்றும். இலங்கையின் நடுவே அவ்வகை வேலி இன்று இல்லை. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின் காவலரண்கள் பல அகன்றன. வண்டிகள் தடையின்றி ஓடுகின்றன. ஆயினும் பிளவு அகன்றுவிட்டது என்று எவரும் துணிந்து சொல்வதில்லை. அது நாட்டுப் படத்திலிருந்து நீங்கிக் காணி உறுதிக்குள்ளும், வாக்காளர் இடாப்புக்குள்ளும், பிரதேச செயலகத்தின் எல்லைக் குறிப்புக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. இத்தகைய நாட்டின் பொருளாதாரமும் பாதுகாப்பும் இனி எவ்வாறு அமையும் என்பதைக் கொழும்பிலிருந்து பார்ப்பதைவிடக் கீழைக்கரையில் கல்முனையிலிருந்து பார்ப்பது தெளிவு தரும். மூன்று சமூகத்தாரும் ஒருவரை விட்டு ஒருவர் பிழைக்கவியலாத நெருக்கத்தில் வாழும் இடம் அது.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெருவில் கல்லாற்றைக் கடந்ததும் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. மருதமுனை முஸ்லிம்களின் ஊர், கைத்தறிக்குப் பேர்பெற்றது. அதையடுத்த பாண்டிருப்பு தமிழர் ஊர். சாய்ந்தமருது முஸ்லிம்களுடையது, அதன் தெற்கெல்லையைத் தாண்டினால் தமிழர் வாழும் காரைதீவு. ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குவதை வழிப்போக்கன் அறிவது கோபுரத்தையும் மினாராவையும் கொண்டுதான். மொழி இரு சாராருக்கும் தமிழே. தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கமும் இருவருக்கும் பொது. கோயிலுக்கு வண்ணக்கர் இருப்பதுபோலப் பள்ளிவாசலுக்குக் குடிவாரியாக மரைக்காயர் இருப்பர். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையே ஒடுங்கிய மணற்றிடலில் மக்கள் நெருக்கமாக வாழ்கின்றனர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 6 இலட்சத்து 49 ஆயிரம். அவருள் நூற்றுக்கு 43 பேருக்குமேல் முஸ்லிம்கள். 39 பேரளவில் சிங்களவர். 17 பேரளவில் தமிழர். சிங்களவர் பெரும்பாலும் மேற்கே உள்நாட்டில் வாழ்கின்றனர்.

அந்த உள்நாட்டிலிருந்துதான் நீர் வருகிறது. தமிழ் பேசுவோர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆற்றுக்குச் சிங்களத்தில் கல் ஓயா என்று பெயர். சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1949 இல், அதனை மறித்து அணைகட்டும் பொருட்டுக் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் மொறிசன் நுட்சன் என்னும் அமெரிக்கக் கம்பெனி அணையைக் கட்டியது. அணைக்குப் பின்னால் உருவான சேனநாயக்க சமுத்திரம் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீர் கொள்ளக்கூடியது. புதிதாக நீர்பெற்ற நிலத்தில் குடியேற்றக் கிராமங்கள் எழுந்தன. அவற்றில் குடியமர்ந்தோரிற் பெரும்பாலார் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள். வரண்ட காட்டைக் கழனியாக்கிய பெருமுயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் மாவட்டத்தின் இனத் தொகையை மாற்றிய முயற்சியும் அதுவே. 1956 சூன் மாதத்தில், சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட நாட்களில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழருக்கெதிராக வன்செயல் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் எனக் கூறப்படுகிறது. சுதந்திர இலங்கை கண்ட முதற் பெரும் இனக்கலவரம் நிகழ்ந்த இடம் ஓர் அபிவிருத்தித் திட்டத்தின் களம் என்பது சிந்திக்கத்தக்கது.

அவ்வாண்டுத் தேர்தலில் கல்முனைத் தொகுதி மக்கள் தமிழரசுக் கட்சியின் சார்பில் நின்ற எம். எஸ். காரியப்பரைத் தெரிவுசெய்தனர். அவர் முஸ்லிம். வென்ற சிறிது காலத்துள் அவர் அரசாங்கத்தின் பக்கம் சென்றுவிட்டார். இதனைத் தனிமனிதரின் தடுமாற்றம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மொழியால் தமிழரோடும், ஆட்சியால் கொழும்போடும் கட்டுண்ட ஒரு மக்கட்கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மற்றப் பக்கத்தில் ஏதோ ஒன்றை இழக்கவேண்டியிருந்தது. அந்த நிலை அன்றோடு முடிந்துவிடவும் இல்லை. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதன் தலைநகர் கரையோரத்தில் அமையாமல் குடியேற்றப் பகுதியான அம்பாறை நகரில் அமைந்தது. கல்முனையார் கச்சேரிக் கருமம் எதற்கும் இருபது கிலோமீற்றருக்கு மேல் உள்நாட்டுக்குச் செல்லவேண்டும். சென்றால் தம் மொழியில் பேசும் உத்தியோகத்தரைத் தேடவேண்டும். தமிழ் ஆட்சிமொழியானது 1987 இல்; மேசையில் அம்மொழி வந்து அமர்ந்ததா என்பது வேறு கேள்வி.

கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் உறவைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் போன்றது என்று மேடைகளிற் கூறுவது வழக்கம். அவ்வுவமை மிகுதியாகக் கேட்கத் தொடங்கியது, அது உண்மையாயிருந்த காலம் போனபின்புதான் போலும்! முன்னாளில் உவமை தேவைப்படவில்லை. முஸ்லிம் போடியாரின் வயலில் தமிழ் உழவனும், தமிழ்ப் போடியாரின் வயலில் முஸ்லிம் உழவனும் வேலை செய்தனர். தமிழ்ப் பெண்கள் புடவை வாங்கியது முஸ்லிம்களின் கடையில். முஸ்லிம் வீட்டுக் கலியாணத்துக்கு வேண்டிய பணிகள் பலவற்றைச் செய்தோர் தமிழர். 1985 ஏப்ரலில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990 இல் நிலைமை எல்லை கடந்தது. ஆகஸ்டு மாதத்தில், வடக்கே மட்டக்களப்பு மாவட்டத்துக் காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அதே மாதத்தில் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஊர்காவற் படையினரே செய்தனர் என்று உயிர்தப்பியோர் கூறினர். தூரத்து வயல்களுக்குப் போகமுடியாமல் முஸ்லிம்கள் பலர் நிலத்தைக் கைவிட்டனர். தமிழர் சந்தைக்கு வர அஞ்சினர். ஒரு சாரார் விளைவித்ததை மறுசாரார் வாங்காத காலத்தில் இரு சாராரும் வறியவராயினர்.

எம். எச். எம். அஷ்ரப் தலைமையில் வளர்ந்த முஸ்லிம் காங்கிரஸ் இந்த அச்சத்தின் விளைவே எனலாம். தமிழர் கேட்கும் வடகிழக்கு ஒன்றாக இணைந்தால் அதற்குள் முஸ்லிம்களின் காப்பு யாது என்ற கேள்விக்கு, கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைக் கொண்ட தென்கிழக்கு அலகு என்ற விடையை அவ்வியக்கம் முன்வைத்தது. 1988 இல் தற்காலிகமாக இணைக்கப்பட்ட வடக்கும் கிழக்கும் 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பினாற் பிரிந்தன. ஆதலால் அக்கேள்வியின் கூர்மை சற்றுக் குறைந்தது. கேள்வி மறையவில்லை, உருவிற் சிறுத்தது. மாகாணத்தைப் பற்றியிருந்த வழக்கு ஒரு நகரத்தின் தெருக்களைப் பற்றியதாயிற்று.

கல்முனையில் இன்று இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள. ஒன்றைத் தமிழர் வைத்தியசாலை என்றும், அஷ்ரப் ஞாபகார்த்தமாகப் பெயர்பெற்ற மற்றதை முஸ்லிம்களின் வைத்தியசாலை என்றும் மக்கள் கருதுகின்றனர். எவரும் எங்கும் போகலாம்; ஆயினும் நோயாளி எதற்குப் போவார் என்பதை ஊர் முன்கூட்டியே அறியும். கல்முனை வடக்குக்கென இயங்கிவரும் உப பிரதேச செயலகத்தை முழுமையான செயலகமாகத் தரமுயர்த்த வேண்டும் என்று தமிழர் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். 2019 சூன் மாதத்தில் அதற்காக உண்ணாவிரதமும் நிகழ்ந்தது. முஸ்லிம்கள் எதிர்த்து நின்றனர். நகரின் கடைத்தெரு எந்தப் பிரிவுக்குள் அடங்கும், மேற்கே கிடக்கும் வயல்நிலம் எவர் எல்லைக்குட்படும் என்பனவே பிணக்கின் உயிர்நிலை. தமிழர் கேட்பது நியாயமற்றது என்று சொல்வதற்கில்லை: பக்கத்து ஊரார் தலைமையிலுள்ள அலுவலகத்தில் தம் காரியம் நடவாது என்ற அனுபவத்திலிருந்து பிறந்த கோரிக்கை அது. முஸ்லிம்களின் தயக்கமும் பொய்யன்று: தம் வணிகத்தின் நெஞ்சிடம் கைமாறிவிடும் என்ற அச்சத்திலிருந்து பிறந்தது. அம்பாறைக் கச்சேரியைக் கண்டு கல்முனை முஸ்லிம்கள் கொண்ட குறையும், கல்முனைச் செயலகத்தைக் கண்டு தமிழர் கொண்ட குறையும் ஒரே குறைதான். இதை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனம் ஒன்றே பிளவுக்குக் காரணம் என்று எண்ணுவோர் சாய்ந்தமருதின் கதையை அறியவேண்டும். 1987 க்கு முன் கரைவாகு தெற்குக் கிராம சபை என்ற பெயரில் அவ்வூருக்குத் தனிச் சபை இருந்தது. பின்னர் கல்முனையோடு இணைக்கப்பட்டது. கல்முனை 2001 இல் மாநகர சபையாயிற்று. தமக்குத் தனிச் சபை மீண்டும் வேண்டும் என்று சாய்ந்தமருது மக்கள் கிளர்ந்தனர். கேட்டோரும் முஸ்லிம்கள், மறுத்த கல்முனையாரும் முஸ்லிம்கள். சாய்ந்தமருது பிரிந்தால் எஞ்சிய மாநகரில் முஸ்லிம்களின் பெரும்பான்மை தளரும் என்பது மறுத்தோரின் கணக்கு. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகர சபை வழங்கி வர்த்தமானி வெளியாயிற்று. சில நாட்களுள் அது இடைநிறுத்தப்பட்டது. 2023 மார்ச்சில் மாநகர சபையின் ஆயுட்காலம் முடிந்தது. 2025 மே 6 ஆம் நாள் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நீதிமன்ற வழக்கின் காரணமாகக் கல்முனையில் மட்டும் தேர்தல் நடைபெறவில்லை. எல்லையைப் பற்றிய வாதத்தில் சபையே இல்லாது போயிற்று; குப்பை அகற்றுவது யார் என்று கேட்பதற்கு ஒரு பிரதிநிதி இல்லை.

எல்லைச் சண்டை எவ்வளவு விலைகொள்ளும் என்பதை 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலைக்குப்பின் இக்கரை கண்டது. இலங்கையில் மிகுதியான உயிரிழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் முதலில் விதித்தது. ஒடுங்கிய மணற்றிடலில் வாழ்வோர் அவ்வளவு தூரம் பின்வாங்கினால் நிற்க இடமில்லை. உள்நாட்டில் நிலம் வேண்டும். அந்நிலம் எவருடையது? அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியால் 500 வீடுகள் எழுந்தன. தீகவாபிப் புனிதப் பிரதேசத்தின் பெயராலும், மாவட்ட இன விகிதத்தின் பெயராலும் வழக்கு எழுந்து, உயர் நீதிமன்றம் பகிர்ந்தளிப்பைத் தடுத்தது. வீடிழந்தோர் அயலிலே ஒண்டியிருக்க, கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கிற் பற்றை மண்டிக் கிடந்தன. நிவாரணத்துக்கென 2005 சூன் மாதத்தில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கையொப்பமிட்ட பொதுக் கட்டமைப்பில், மிகுதியாக உயிரிழந்தோருள் அடங்கிய முஸ்லிம்கள் கையொப்பமிடும் தரப்பாகவே இல்லை. அதுவும் நீதிமன்றத்தில் முடங்கியது.

ஒலுவில் துறைமுகத்தின் கதை வேறு வகை. டென்மார்க்கின் கடனுதவியாற் கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட அது கரையோரத்தின் வறுமையைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்பு, கரையோரமாக வடக்கே நகரும் மணலை மறித்தது. துறைமுகத்தின் வாய் மணலால் தூர்ந்தது. வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் தென்னந்தோப்போடு கரையை இழந்தன. வாயைத் தோண்டுமாறு மீனவர் கேட்டனர். காணிக்காரர் துறைமுகத்தையே மூடவேண்டும் என்றனர். இங்கும் இனம் இல்லை, மணல்தான். நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில், போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கடந்தும், பாதுகாப்பு பெரிய ஒதுக்கீடுகளுள் ஒன்றாக நிற்கிறது. கரை அரித்துப் போவதைத் தடுக்கும் செலவு பாதுகாப்பு என்ற தலைப்பின்கீழ் வருவதில்லை.

பாதுகாப்பு என்பது என்ன என்பதை அண்மைய இரு நிகழ்ச்சிகள் காட்டும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் சாப்பாட்டில் மலடாக்கும் மருந்து கலக்கப்பட்டது என்று வதந்தி பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அகப்பட்டது வெறும் மாக்கட்டி. உள்நாட்டு நகரத்தில் காவற்படைக்குக் குறைவில்லை. வதந்தியை நம்பாதிருக்கும் அளவுக்கு அறிமுகம்தான் குறைவு. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை நடத்திய குழுவின் எஞ்சியோர் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தனர். ஏப்ரல் 26 ஆம் நாள் படையினர் அங்கு சென்றது அயலிலிருந்த முஸ்லிம்கள் ஐயுற்றுக் கொடுத்த தகவலின்பேரில். வீட்டிலிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர், குழந்தைகளும் மாண்டனர். தகவல் கொடுத்தவர்களின் சமூகத்தாருடைய கடைகளையே அடுத்த மாதங்களில் நாட்டின் பல பகுதிகளிற் புறக்கணித்தனர் என்பது கசப்பான உண்மை.

இனி நீருக்கு மீள்வோம். கல்லோயாவின் இடதுகரை வாய்க்காலில் தலைப்புறத்து வயல்கள் சிங்களக் குடியேற்றக்காரருடையவை; கடைமடையில் தமிழ் பேசும் விவசாயிகள். எழுபதுகளின் இறுதியில் அவ்வாய்க்கால்கள் பாழடைந்து கிடந்தன. மதகுகள் உடைக்கப்பட்டிருந்தன. தலைப்புறத்தார் வேண்டிய மட்டும் பாய்ச்சினர். கடைமடையார் நீரைக் காணவில்லை. சிங்களவர் தண்ணீரைத் தடுக்கிறார்கள் என்று கீழேயும், எவ்வளவு விட்டாலும் அவர்களுக்குப் போதாது என்று மேலேயும் பேசினர். 1979 இல் அமெரிக்க உதவியோடு புனரமைப்புத் தொடங்கியது. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் அதனோடு சேர்ந்து ஒரு புதுமுறையைக் கையாண்டன: கற்ற இளைஞர்களை 1981 முதல் விவசாயிகளிடையே அனுப்பி, வயல்வாய்க்கால் ஒன்றுக்கு ஒரு சிறு குழுவாக அவர்களைச் சேர்த்தனர். சீமெந்துக்கு முன்னே பேச்சு.

அவ்வாண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் நாலில் ஒரு பங்கே நிரம்பியிருந்தது. சண்டைக்கு அதைவிடத் தக்க தருணம் வேறில்லை. ஆனால் குழுக்கள் கூலியின்றி வாய்க்காலைத் துப்புரவு செய்தன, முறைவைத்துப் பாய்ச்சின, தலைப்புறத்துச் சிங்கள விவசாயிகள் மிச்சம்பிடித்த நீரைக் கீழேயிருந்த தமிழ் விவசாயிகளுக்கு விட்டனர். அப்பணியில் ஈடுபட்ட அமெரிக்க அறிஞர் நோர்மன் அப்ஹொஃப் இதனைப் பிற்காலத்தில் விரிவாக எழுதி, உலகெங்கும் நீர்ப்பாசனம் கற்போர் கல்லோயாவின் பெயரை அறியச் செய்தார். அது நடந்தது 1983 இன் இனக்கலவரத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன். கலவரம் வந்தபின்பும் குழுக்கள் முற்றாகச் சிதையவில்லை. விவசாயிகள் திடீரென நல்லவர்களாகிவிட்டனர் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. கீழேயுள்ளவனின் பெயரும் முகமும் மேலேயுள்ளவனுக்குத் தெரிந்தன. எவ்வளவு நீர் எப்போது விடப்பட்டது என்பது இருவரும் காணும்படி நடந்தது. அளவு தெரிந்த இடத்தில் ஐயம் குறைந்தது.

வேறு நாடொன்றிலும் இதற்கு ஒப்பானது உண்டு. சைப்பிரசுத் தீவு 1974 இல் இரண்டாகப் பிளந்தது. தலைநகர் நிக்கோசியாவின் நடுவே படையினர் காக்கும் கோடு ஓடுகிறது. சாக்கடை கோட்டை மதிப்பதில்லை. ஆகையால் கிரேக்கப் பகுதியின் நகரத் தலைவர் லெல்லோஸ் டெமெத்ரியாடெசும் துருக்கியப் பகுதியின் முஸ்தபா அக்கிஞ்சியும் எழுபதுகளின் இறுதியிலேயே ஒரே கழிவுநீர்த் தொகுதியை நடத்த இணங்கினர். அரசியற் பிணக்குத் தீரவில்லை, இன்றுவரை தீரவில்லை. ஆனால் நகரம் நாறவில்லை.

அம்பாறையின் பொருளாதார எதிர்காலத்துக்கும் இதுவே அடித்தளம். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தை அரசாங்கம் ஒரே நாளில் தடைசெய்தபோது உகணையில் சிங்களவரின் கதிரும் சம்மாந்துறையில் முஸ்லிம்களின் கதிரும் ஒன்றுபோலச் சாவியாயின. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. சுதந்திரத்துக்குப்பின் அதுவே முதல் தடவை. எரிபொருள் வரிசையில் மூவரும் நின்றனர். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு இணங்கியபின் நிலைமை மெல்லத் தேறியது. மத்திய கிழக்கில் உழைப்போர் அனுப்பும் பணமும், கல்முனைக் கடைத்தெருவின் வியாபாரமும், மருதமுனையின் தறியும் கரையோரத்தைத் தாங்கின. ஆனால் அவற்றின் கீழே இருப்பது நெல். நெல்லின் கீழே இருப்பது இங்கினியாகலையிலிருந்து வரும் நீர். எந்தப் பிரதேச செயலகத்தின் எல்லைக்கோடும் அந்நீரைக் கல்முனைக்குச் சொந்தமாக்கப்போவதில்லை. மேலே உள்ளவரோடு பேசாமல் அது வரப்போவதுமில்லை.

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. நீர்ப்பாசன உத்தியோகத்தர் குளத்திலுள்ள நீரின் அளவைச் சொல்கின்றனர். விவசாய அமைப்புகளின் பிரதிநிதிகள், வட்டவிதானைமார் வருகின்றனர். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் மதகு திறப்பது, எந்நாளில் மூடுவது என்பன அங்கே முடிவாகின்றன. சிங்களமும் தமிழும் கலந்த வாக்குவாதம் நடக்கிறது. சில சமயம் குரல் உயர்கிறது. கல்முனைக்கு மாநகர சபை இல்லாத ஆண்டுகளிலும் அக்கூட்டம் தவறவில்லை. குறித்த நாளில் மதகு திறக்கிறது.